ஹோட்டல் சமையலறையின் கார்பன் கணக்கு: அடுப்பை மாற்றுவதற்கு முன்

கேள்வி: திருப்பூரில் அப்பா ஆரம்பித்த சைவ ஹோட்டலை இப்போது நான் நடத்துகிறேன். கடை வியாபாரம் போக, இரண்டு பனியன் கம்பெனிகளுக்கு தினமும் 400 பேருக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறோம். அதில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு பையர் கேட்பதாகச் சொல்லி, எங்கள் சமையலறையின் கார்பன் கணக்கையும், அதைக் குறைக்க என்ன செய்யப்போகிறோம் என்பதையும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. மாதம் 19 கிலோ சிலிண்டர் 50 ஆகிறது. ஈ.பி. 4,500 யூனிட். தினமும் அரிசி 120 கிலோ, பால் 140 லிட்டர். கடையில் மிஞ்சுவது, கம்பெனியிலிருந்து திரும்புவது எல்லாம் சேர்த்து நாளுக்கு 40 கிலோ சோறு வீணாகிறது. கோல்டு ரூமுக்கு ஆர்-404ஏ கேஸ் வருஷத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு 2 கிலோ போல ஏற்றுகிறோம். அடுப்பு எல்லாவற்றையும் இண்டக்‌ஷனாக மாற்றினால் கார்பனே இருக்காது என்று ஒருவர் எட்டரை லட்சத்துக்கு கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். அப்பா, விறகுக்கே திரும்பிவிடலாம் என்கிறார். எதைச் செய்வது சார்?
— வாசகி, திருப்பூர்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

எட்டரை லட்சத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். அந்தக் கொட்டேஷனை மறுக்கச் சொல்லவில்லை, தள்ளிப்போடச் சொல்கிறேன். ஏன் என்று பிறகு கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் எண்களையே ஒரு தாளில் எடுத்து வைப்போம். ஹோட்டல்களின் எரிசக்திக் கணக்கைப் பார்க்கப் போகும்போது, முதலில் இந்த எண்களைக் கறப்பதற்கே எனக்குப் பாதி நாள் போய்விடும். நீங்கள் அதைக் கேட்காமலேயே எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது.

கார்பன் கணக்கு என்பது, பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுக்களை எல்லாம் கார்பன் டை ஆக்ஸைடின் எடையில் சொல்வதுதான். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் சுமார் 3 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு வரும். ஒரு கிலோ எரிந்து எப்படி மூன்று கிலோ ஆகும் என்று உங்கள் அப்பா கேட்பார். காற்றில் இருக்கும் ஆக்ஸிஜன் வந்து சேர்வதால் எடை கூடுகிறது. அப்படியானால் ஒரு 19 கிலோ சிலிண்டர் 57 கிலோ. மாதம் 50 சிலிண்டர் என்றால் வருடத்துக்கு 34 டன்.

கரண்ட்டுக்கு, நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேலே வருகிறது. பெரும்பகுதி இன்னும் நிலக்கரி மின்சாரம்தான். உங்கள் 4,500 யூனிட்டுக்கு வருடம் 38 டன்.

இனி கோல்டு ரூம். ஆர்-404ஏ கேஸ் ஒரு கிலோ காற்றில் கலந்தால், அது 3,900 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமமான வெப்பத்தைப் பூமியில் பிடித்து வைக்கும். வருடம் 4 கிலோ ஏற்றுகிறீர்கள் என்றால், அந்த 4 கிலோவும் எங்கேயோ கசிந்து போயிருக்கிறது என்று அர்த்தம். குளிர்சாதனப் பெட்டியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் கிடையாது. குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க வேண்டியது. அந்தக் கசிவு மட்டும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 16 டன். நீங்கள் வருடம் முழுக்க எரிக்கும் சமையல் கேஸில் ஏறக்குறைய பாதி. இதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கடைசியாக ஸ்டோர் ரூம். உணவுப் பொருட்களின் கார்பன் கணக்கை உலக அளவில் தொகுத்து ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் என்ற இருவர் 2018-ல் சயன்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அதன்படி ஒரு கிலோ அரிசிக்குச் சராசரியாக 4 கிலோவுக்கு மேல், ஒரு லிட்டர் பாலுக்கு 3 கிலோ. தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றிலிருந்தும், மாட்டின் இரைப்பையிலிருந்தும் வரும் மீத்தேன்தான் இதில் முக்கியப் பங்கு. அதுவும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. நம் வயலுக்கும் நம் மாட்டுக்கும் இந்த எண் கூடக் குறைய இருக்கலாம். ஆனாலும் உங்கள் 120 கிலோ அரிசியையும் 140 லிட்டர் பாலையும் இதோடு பெருக்கிப் பாருங்கள். அரிசிக்கு வருடம் 175 டன், பாலுக்கு 150 டன்.

கேஸ், கரண்ட், கோல்டு ரூம் மூன்றும் சேர்ந்து 88 டன். அரிசியும் பாலும் மட்டும் 325 டன். உங்கள் சமையலறையின் கார்பனில் பெரும்பங்கு அடுப்பு பற்றவைக்கும் முன்பே மூட்டையிலும் கேனிலும் உள்ளே வந்துவிடுகிறது. அடுப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். சைவ ஹோட்டல் என்பதால் உங்கள் கணக்கு இன்னும் குறைவு. அதே ஆய்வில் ஆட்டுக்கறி ஒரு கிலோவுக்கு 40 கிலோவுக்கு அருகில் வருகிறது.

சரி, அரிசியையும் பாலையும் நிறுத்த முடியுமா? முடியாது. சோறும் தயிரும் காபியும் இல்லாமல் நம் ஊரில் ஹோட்டல் நடக்காது. ஆனால் வாங்கி, வேகவைத்து, கொட்டுகிறோமே, அதை நிறுத்தலாம். 40 கிலோ சோறு என்பது சுமார் 16 கிலோ அரிசி. அந்த அரிசியின் கார்பன் நாளுக்கு 64 கிலோ, வருடத்துக்கு 23 டன். நீங்கள் எரிக்கும் மொத்த கேஸில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமம். கொட்டிய இடத்தில் அது காற்றில்லாமல் அழுகி வெளிவிடும் மீத்தேனை நான் இதில் சேர்க்கவே இல்லை.

ஆகவே முதல் வேலை சோறு. இரண்டாவது கோல்டு ரூம். மூன்றாவதுதான் அடுப்பு.

சோற்றைக் குறைக்க ஒரு தராசு போதும். கழிவு டிரம்மை மூன்றாகப் பிரியுங்கள். காய் நறுக்கிய கழிவு ஒன்றில், பாத்திரத்தில் மிஞ்சியது இன்னொன்றில், இலையிலும் தட்டிலும் விட்டது மூன்றாவதில். இரண்டு வாரம் தினமும் எடை போட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே டிரம்மில் போனால் யாருக்கும் எதுவும் தெரியாது. பிரித்த மூன்றாம் நாளே தெரிந்துவிடும். மிஞ்சியது அதிகம் என்றால் சமைத்த அளவு தப்பு. இலையில் விட்டது அதிகம் என்றால் பரிமாறிய அளவோ, ருசியோ தப்பு. இரண்டுக்கும் மருந்து வேறு.

மிஞ்சுவதற்குப் பெரும்பாலும் காரணம், பதினொன்றரைக்குள் மொத்தச் சோற்றையும் வடித்து வைத்துவிடும் பழக்கம். மாஸ்டர்களைக் கேட்டால், பிரித்துப் பிரித்து வடித்தால் கேஸ் வீணாகும் என்பார்கள். அவர்கள் சொல்வது ஓரளவு உண்மை. ஆனால் ஒரு கிலோ அரிசியைச் சோறாக்க எரியும் கேஸின் கார்பன் அரைக் கிலோவைத் தாண்டாது. அந்த அரிசிக்குள் இருப்பது நாலு கிலோ. கொஞ்சம் கேஸ் கூடப் போனாலும் பரவாயில்லை, ஒரு மணிக்கு ஒரு ஈடு, இரண்டு மணிக்குத் தேவைப்பட்டால் இன்னொரு சின்ன ஈடு என்று வையுங்கள். கடைசி ஈட்டை வைப்பதா வேண்டாமா என்று கல்லாவில் இருப்பவர் டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்துச் சொல்லட்டும். அதை மாஸ்டரின் ஊகத்துக்கு விட்டுவிட்டால், அவர் எப்போதும் கூடத்தான் வைப்பார். சோறு தீர்ந்துபோனால் திட்டு விழுவது அவருக்குத்தானே.

கம்பெனிச் சாப்பாட்டில் விஷயம் வேறு. 400 என்ற எண்ணை அவர்கள் எப்போது சொல்கிறார்கள்? முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிட்டால் அது ஆள் கணக்கு, வருகைக் கணக்கு கிடையாது. சம்பளம் போட்ட மறுநாள், திங்கட்கிழமை, பண்டிகைக்கு முன்னும் பின்னும் ஆள் குறையும். காலை ஒன்பதரைக்கு கேட்டில் பதிவான வருகை எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். உங்களிடம் கார்பன் கணக்குக் கேட்கும் கம்பெனி இந்த ஒரு மெசேஜைத் தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்புறம், திரும்பி வரும் கேரியர்களைத் திறந்து என்ன திரும்புகிறது என்று நீங்களே பாருங்கள். திருப்பூர் கம்பெனிகளில் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. நான் பார்த்த கேன்டீன்களில், அவர்கள் இருக்கும் இடத்தில் புளிக்குழம்பும் ரசமும் அப்படியே திரும்பும், பருப்பும் உருளைக்கிழங்கும் பற்றாமல் போகும். குழம்பு பிடிக்காதவர் சோற்றையும் சேர்த்துத்தான் கொட்டுகிறார். வாரத்தில் இரண்டு நாள் புளிக்குழம்புக்குப் பதில் கெட்டிப் பருப்பு வைத்துப் பாருங்கள்.

கடையில் சப்ளையர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: கேட்டுப் போடுங்கள். முதல் தடவை போடும் கரண்டியைச் சின்னதாக்குங்கள், மறுசோறு எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் போடுங்கள். அளவைக் குறைத்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் நினைத்துவிடக் கூடாது, அதில் நீங்கள் பயப்படுவது நியாயம். மறுசோறு தடையில்லாமல் வரும்போது அந்த எண்ணம் வராது.

அப்படியும் நல்ல சோறு மிஞ்சினால், சூடு 60 டிகிரிக்குக் கீழே இறங்காமல் மூடி வைத்து, அன்றைக்கே யாருக்காவது போய்ச்சேர வழி செய்யுங்கள். கோயம்புத்தூரில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' மாதிரியான அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. ஆனால் தினமும் கொடுப்பதற்கென்று சமைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். காய் நறுக்கிய கழிவும் கழுநீரும் மாட்டுக்குப் போகிறது என்றால் அதை அப்படியே தொடருங்கள். அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பயோகேஸ் பிளான்ட் போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து சுமாராக 4, 5 கிலோ எல்பிஜிக்குச் சமமான வாயு கிடைக்கும். கழிவைக் குறைத்து முடித்த பிறகு, மிச்சமிருக்கும் எடைக்கு ஏற்றாற்போல் பிளான்ட் அளவை முடிவு செய்யுங்கள். இப்போதைய கழிவுக்குப் பெரிதாகக் கட்டிவிட்டால், அதன் வயிற்றை நிரப்பவே சோறு மிஞ்ச வேண்டியிருக்கும். வாழை இலை அதற்குள் போகக் கூடாது, நார் அடைத்துக்கொள்ளும்.

அரிசியிலேயே ஒரு வழி இருக்கிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் வயலில், அதாவது தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்காமல் இடையிடையே காயவிடும் வயலில், மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைகிறது. மண்ணுக்குள் காற்று போனால் மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு வேலை நின்றுவிடும். நீங்கள் வருடத்துக்கு 40 டன்னுக்கு மேல் அரிசி வாங்குகிறவர். அவ்வளவு வாங்குகிறவர் மில்லில் கேட்டால் பதில் வரும். பவானி, அமராவதிப் பாசனத்தில் அப்படிப் பயிர் செய்கிற விவசாயக் குழு யாராவது இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். வாரத்தில் ஒரு நாள் காலையில் சாமைப் பொங்கல் வைப்பதும் நல்லது. மானாவாரிப் பயிர், தேங்கிய தண்ணீர் கிடையாது. ஆனால் விலையும் வாடிக்கையாளர் விருப்பமும் பார்த்துத்தான் செய்ய வேண்டும். விற்காத சாமைப் பொங்கலும் கழிவுதான்.

இனி கோல்டு ரூம். கூலிங் குறைந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறீர்கள், அவர் கேஜைப் போட்டுப் பார்த்து, கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போகிறார். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. ஓட்டையை யாரும் தேடவில்லை. அடுத்த தடவை அவர் வருவதற்கு முன் நீங்களே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே இருக்கும் யூனிட்டுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பாருங்கள். செப்புக் குழாயும் வால்வும் சேரும் இடத்தில் பித்தளை நட்டு இருக்கும். அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு பரவி, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுத்திருந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்து வெளியே வரும், அது விட்ட தடம் அது. சோப்பு நுரையைத் தடவினால் குமிழி வரும். இப்படிக் கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். கசிவை அடைக்காமல் கேஸ் ஏற்றக் கூடாது என்று கறாராக இருங்கள். ரிப்பேருக்காகக் குழாயைத் திறக்கும்போது மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடுகிற வழக்கம் பல இடத்தில் இருக்கிறது. அதை ரெகவரி மெஷினால் சிலிண்டரில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மெஷின் வைத்திருக்கிற ஆளைத் தேடுங்கள்.

அடுத்து ஃப்ரீசர் வாங்கும்போது, நேம் பிளேட்டில் ஆர்-290 என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அது புரொப்பேன். வெளியே போனாலும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் தன்மை ஆர்-404ஏ-யோடு ஒப்பிட ஒன்றுமில்லை. ஆனால் தீப்பிடிக்கும் வாயு, அதனால் அதற்கென்றே கம்பெனியில் செய்த பெட்டியாக இருக்க வேண்டும். பழைய பெட்டியில் அதை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வந்தால் சம்மதிக்காதீர்கள். கிகாலி ஒப்பந்தம் என்ற சர்வதேச உடன்பாட்டின்படி நம் நாட்டில் எச்.எஃப்.சி. எனப்படும் ஆர்-404ஏ வகைக் கேஸ்களின் அளவு 2028-ல் உச்சவரம்புக்கு வருகிறது, பிறகு படிப்படியாகக் குறைக்கப்படும். பழைய கேஸை நம்பி இன்றைக்குப் புது கோல்டு ரூம் போடுவது நட்டம்.

கோல்டு ரூமின் கரண்ட்டுக்கு, கதவு ரப்பர், உள்ளே தொங்கும் பிளாஸ்டிக் பட்டை, வெளி யூனிட்டின் சுருள் குழாயில் (coil) படியும் தூசி, இந்த மூன்றையும் மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். எக்ஸாஸ்ட் மோட்டாருக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி. போடுங்கள். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்செலவு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். மதியம் மூன்று மணிக்கு நாலு அடுப்பு எரியும்போது முழு வேகம் எதற்கு?

இப்போது அடுப்பு. இண்டக்‌ஷன் கணக்குக்கு வருகிறேன்.

ஒரு கிலோ எல்பிஜியில், கரண்ட்டை அளக்கும் அதே யூனிட்டில் சொன்னால், 12.7 யூனிட் வெப்பம் இருக்கிறது. ஹோட்டல் பர்னரில் நல்லபடியாக எரித்தால் அதில் 45 சதவீதம் பாத்திரத்துக்குள் போகும் என்று வைத்துக்கொள்வோம். பாத்திரத்துக்குள் போகும் ஒரு யூனிட் வெப்பத்துக்கு கார்பன் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். இண்டக்‌ஷனில் 85 சதவீதம் உள்ளே போகிறது, சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கரண்ட் நிலக்கரியிலிருந்து வருவதால் அதே ஒரு யூனிட் வெப்பத்துக்கு 0.85 கிலோ. ஆகவே இன்றைய ஈ.பி. கரண்ட்டில் மொத்த அடுப்பையும் இண்டக்‌ஷனாக மாற்றினால் அடுப்பின் கார்பன் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகும். கார்பனே இருக்காது என்று கொட்டேஷன் கொடுத்தவர், மின்நிலையத்துப் புகைபோக்கியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதிலும் ஒரு விலக்கு உண்டு. கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குப் போகும் வெப்பம் 28 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் இண்டக்‌ஷன் ஜெயிக்கும். உங்கள் சமையலறையில் அப்படிப்பட்ட இடம் எது தெரியுமா? காபி கவுன்டர். சின்னப் பால் பாத்திரம், அதற்கடியில் பெரிய பர்னர், தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறிப்போகும், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலையிலிருந்து இரவுவரை எரிந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் இப்போதே இண்டக்‌ஷன் வாங்குங்கள். சாம்பாரைச் சூடாகவே வைத்திருக்கும் இடத்துக்கும் அது சரிவரும். மொட்டை மாடியில் சோலார் போட்ட பிறகு மற்ற அடுப்புகளை யோசிக்கலாம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் போல வரும். 10 கிலோவாட் போட்டால் வருடத்துக்கு 10 டன் குறையும். அந்தக் கரண்ட்டைப் பகலில் ஓடும் கிரைண்டரும் கோல்டு ரூமுமே சாப்பிட்டுவிடும்.

கேஸ் அடுப்பிலேயே மிச்சம் பிடிக்க நிறைய இருக்கிறது. அப்பா இதில் கை தேர்ந்தவராக இருப்பார், அவரையே இதற்குப் பொறுப்பாக வையுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடி கரிந்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது அல்லது காற்று போதவில்லை. வாரம் ஒருமுறை கம்பியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

கொதிக்கிற அண்டாவுக்கு மூடி போடுவதும் தீயைக் குறைப்பதும் மாஸ்டர்கள் நினைப்பதைவிடப் பெரிய விஷயம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல் அதை ஆவியாக்கிவிட ஆகும். சாம்பார் தளதளவென்று கொதித்தாலும், மெல்லக் கொதித்தாலும் உள்ளே சூடு அதே 100 டிகிரிதான். பருப்பு வேகமாக வேகப்போவதில்லை. தளதளப்பில் 10 லிட்டர் ஆவியாகப் போனால் ஒரு கிலோவுக்கு மேல் கேஸ் போகிறது. அந்த நீராவி சமையலறையையும் வேகவைக்கிறது, உள்ளே நிற்கிற ஆட்களையும் வேகவைக்கிறது. மே மாதத்தில் ஒரு அண்டா பக்கத்தில் நின்று பார்த்தால், மூடி போடுவது மனிதாபிமானம் என்றுகூடத் தோன்றும். பருப்பைக் குக்கரிலோ ஸ்டீமிலோ வேகவைத்து, கடைசியில் மட்டும் திறந்து கொதிக்கவிடச் சொல்லுங்கள்.

தோசைக்கல்லை ஒரு நாள் உட்கார்ந்து கவனியுங்கள். பதினொன்றரைக்குக் காலை டிபன் முடிகிறது. மாஸ்டர் கல்லைத் துடைத்துவிட்டு, தீயைச் சிம்மில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விடுவார். மூன்றரை மணிவரை அது சும்மா எரியும். அணைத்தால் மறுபடி சூடேற நேரமாகும் என்பார். ஆகட்டும், மூன்று மணிக்குப் பற்றவைத்தால் போதுமே. இடையில் ஒருவர் தோசை கேட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. கல்லுக்கு அடியில் இருக்கும் பர்னர்களுக்குத் தனித்தனி வால்வு வைத்து, ஒரு ஓரத்தை மட்டும் சூடாக வைத்துக்கொள்ளலாம். லோக்கல் ஃபேப்ரிகேட்டர் செய்து தருவார்.

சிலிண்டரின் வெளியே வியர்த்துப் பனி படிகிறதா என்றும் பாருங்கள். அவசரமாகக் கேஸ் இழுக்கும்போது உள்ளே குளிர்ந்து அழுத்தம் குறைந்துவிடும், அடியில் கேஸ் மிச்சம் இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று கழற்றிவிடுவார்கள். அந்த மிச்சம் ஏஜென்சிக்கே திரும்பிப் போகிறது. சிலிண்டரை எடை போட்டு அனுப்புங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால், ஒரே நேரத்தில் கூடுதல் சிலிண்டர்களிலிருந்து எடுக்கும் மேனிஃபோல்டாக மாற்றச் சொல்லுங்கள். சிலிண்டர்மேல் வெந்நீர் ஊற்றுவதோ பக்கத்தில் தீ வைப்பதோ கூடவே கூடாது.

அடுப்புக்குப் போகும் தண்ணீரை வெயிலில் சூடாக்கிக் கொடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஆரோவில்லில் சோலார் கிச்சன் என்று இருக்கிறது. கூரைமேல் 15 மீட்டர் அகலமுள்ள கண்ணாடிக் கிண்ணம், வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி ஆயிரம் பேர்வரை சமைக்கக் கட்டியது. உங்கள் இடத்துக்கு அது ஒத்துவராது. ஆனால் 500 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் ஒத்துவரும். 28 டிகிரித் தண்ணீர் 60 டிகிரியாக அடுப்புக்கு வந்தால் நாளுக்கு 3 கிலோ கேஸ் மிச்சம். மேகமூட்ட நாட்களைக் கழித்தாலும் மாதம் நாலு சிலிண்டர். சமைப்பதற்கான தண்ணீர் என்பதால் எவர்சில்வர் டாங்க் உள்ளதாக வாங்குங்கள், போர் உப்புத் தண்ணீரை அதில் விடாதீர்கள், ஒரே வருடத்தில் உப்புப் படிந்து அடைத்துவிடும்.

அப்பா சொல்லும் விறகு. அவர் மனதில் இருப்பது சீமைக்கருவேல விறகாக இருக்கும். வெட்டினாலும் மறுபடி தழைக்கும் மரம், அதன் கார்பன் திரும்ப மரத்துக்கே போகிறது என்று கணக்கில் நிரூபிக்கக்கூடச் செய்யலாம். ஆனால் புகையை மூக்கால் இழுக்கப்போவது உங்கள் மாஸ்டர்கள். விறகுப் புகையில் வரும் கரியும் வெப்பத்தைக் கூட்டுகிற பொருள்தான். இவ்வளவு வருடம் கழித்து அவர்களை மறுபடி புகைக்குள் அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

பொரித்த எண்ணெயை மறந்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் கடைகள் அதற்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் விதி. பயன்படுத்தின எண்ணெயை பயோடீசலுக்கு எடுக்கும் ருகோ திட்டமும் 2018-லிருந்து இருக்கிறது. பதிவு பெற்ற ஆளிடம் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள்.

கம்பெனிக்குக் கொடுக்கும் அறிக்கை இரண்டு பக்கம் போதும். அவர்கள் பாஷையில், உங்கள் இடத்திலேயே நேரடியாக வெளியாவது ஸ்கோப் 1, அதாவது நீங்கள் எரிக்கும் கேஸும் கோல்டு ரூம் கசிவும். வாங்கும் ஈ.பி. கரண்ட் ஸ்கோப் 2. உங்களுக்கு முன்னும் பின்னும் மற்ற இடங்களில் வெளியாவது ஸ்கோப் 3, அதாவது அரிசி, பால், கழிவு எல்லாம். அவர்கள் வாங்கும் சாப்பாடு மொத்தமும் அவர்களுக்கு ஸ்கோப் 3. மொத்த டன்னை அப்படியே கொடுக்காமல், வருடத்தில் போடும் மொத்தச் சாப்பாட்டால் வகுத்து, ஒரு சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று கொடுங்கள். வியாபாரம் கூடினால் டன் கூடும், அது உங்கள் குற்றம் ஆகிவிடக் கூடாது. முதல் வருட எண்ணை அழகுபடுத்த வேண்டாம். அது பெரிதாக இருந்தால்தான் அடுத்த வருடம் குறைந்தது தெரியும். கார்பன் நியூட்ரல், அதாவது வெளிவிடும் கார்பன் முழுவதையும் ஈடுகட்டிவிட்டோம் என்ற வார்த்தையை எங்கும் எழுதாதீர்கள். 400 டன்னுக்கு மேல் இருக்கும் சமையலறை அதைச் சொல்லக் கூடாது.

தராசு நாளைக்கே வாங்கிவிடலாம். கோல்டு ரூம் மெக்கானிக்குக்கு இன்றைக்கே போன் செய்துவிடுங்கள். கசிவு எங்கே இருந்தது, எத்தனை கிராம் ஏற்றினார், என்ன கேஸ் என்று மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் எழுதித் தர மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். அந்த பில்லின் நகல்தான் உங்கள் அறிக்கைக்கு முதல் ஆதாரம்.